லீவு விடுங்கள், வங்கி உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாவட்டந்தோறும் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஹெட் கேஷியராக ஓய்வு பெற்றவன். வங்கியின் பெயர் வேண்டாம், ஊரின் பெயரும் வேண்டாம். ஆடியில் தேர் ஓடும் ஒரு தென்மாவட்டத்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும். அதனால் 'இன்று வங்கி விடுமுறை' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஷட்டரில் ஒட்டும் வேலை பல வருடம் என் தலையில்தான் விழுந்தது. இந்த மடலும் அந்த அட்டை சம்பந்தப்பட்டதுதான்.

ஐயா, அம்மா, நீங்கள் திருவிழாக்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறீர்கள். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு, தஞ்சாவூரில் ராஜராஜனின் சதய விழாவுக்கு, திருவாரூரில் ஆழித்தேருக்கு, நாகப்பட்டினத்தில் நாகூர் கந்தூரிக்கு, தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு, கன்னியாகுமரியில் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு. கோயில், தர்கா, தேவாலயம் என்று பேதம் பார்க்காமல் அந்தந்த மண்ணுக்கு எது பெரிய நாளோ அதற்கு விடுமுறை. தமிழ்நாட்டு நிர்வாகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கங்களில் இது ஒன்று. லீவு அதிகம், நாடு முன்னேறாது என்று புலம்புகிறவர்களின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

என் குறை அறிவிப்பின் கடைசி வரியைப் பற்றியது. எந்த மாவட்டத்து அறிவிப்பை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். முதலில் திருவிழாவின் பெயர், தேதி. அப்புறம் பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை என்ற செய்தி. அப்புறம் ஈடு செய்யும் சனிக்கிழமை. கடைசியாக, இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராது என்பதால் மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்குள்தான் 'அன்று வங்கி உண்டு' என்ற சேதி ஒளிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு அது புரியும்? எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் பேப்பரில் இதைப் படித்துவிட்டு, "செலாவணி முறிச்சு போச்சுன்னு போட்டிருக்கே, என்ன சார் முறிஞ்சுது?" என்று என்னிடம் கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் மேல் தப்பில்லை. 'முறி' என்றால் எழுதிக் கொடுத்த பத்திரம், ஓலை என்ற பழைய பொருள் இன்று யாருக்குத் தெரியும்? முறி என்றால் கையோ காலோ முறிவதுதான் நமக்கு.

சட்டம் சொல்வது எளிமையானதுதான். புரோநோட்டு, மாற்றுச் சீட்டு, செக் ஆகியவற்றுக்கான சட்டம் அது. அதன் 25-ஆம் பிரிவில் பொது விடுமுறை என்றால் என்ன என்று வருகிறது. ஞாயிறு போக, அந்தப் பிரிவின்படி அரசு அறிவிக்கும் நாட்களில்தான் வங்கி மூடும். ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அந்தக் கணக்கில் சேராது. தேர் வீதியில் நிற்கும்போதும் வங்கி திறந்துதான் இருக்கும். வேலை பார்த்த காலம் முழுக்க எங்கள் ஊர்த் தேரை நான் காதால்தான் பார்த்தேன். வேட்டுச் சத்தம் கேட்டால் தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது, கொட்டுச் சத்தம் நெருங்கினால் மேலவீதி திரும்புகிறது என்று கவுண்டருக்குள் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள், நான் நூறு ரூபாய்க் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்காக உள்ளூர் விடுமுறையன்று வங்கியையும் மூடுங்கள் என்று கேட்கமாட்டேன். வேலையில் இருந்தபோது கேட்டிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். தேரன்றுதான் வளையல் கடைக்காரர், பூக்கடைக்காரர், ராட்டினம் போட வந்த வெளியூர்க்காரர் எல்லோர் கையிலும் பணம் புரளும். அவர்களுக்கு வங்கி வேண்டும். திறந்திருக்கட்டும். திறந்திருப்பது ஊருக்குத் தெரியட்டும் என்பதுதான் நான் கேட்பது.

தெரியாமல் போனதால் என்ன ஆனது என்று ஒன்றைச் சொல்கிறேன். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி மூடுவது 2015 செப்டம்பர் 1-இல் வந்தது. அதற்குப் பிறகு, நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்தது இது. அந்த வருடம் எங்கள் ஊர்த் தேர் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு பெரியம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நகைக்கடன் அட்டை, அதற்குள் கைக்குட்டையில் முடிந்த பணம். சங்கிலியையும் இரண்டு வளையலையும் ஈடு வைத்து 1,20,000 ரூபாய் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம்தான் விழும். கெடு தாண்டினால் அந்தத் தள்ளுபடி போச்சு. கம்ப்யூட்டர் காட்டிய தொகைக்கும் அவர் முடிந்து கொண்டுவந்த தொகைக்கும் சுமார் 3,600 ரூபாய் வித்தியாசம். அவர் சண்டை போடவில்லை. "லீவுன்னு டிவியில சொன்னாவளே தம்பி. வெள்ளிக்கிழமை காலையில கெளம்பி நின்னேன். பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் இன்னிக்கு ஆபீசு எதுவும் கெடையாதுன்னாவ. திரும்பிப் போயிட்டேன்" என்றார். மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெள்ளிக்கிழமை வங்கி வேலை நாள், வேலை நாளில் கட்டவில்லை, கணக்கு அவ்வளவுதான். பெரியம்மா பாக்கிப் பணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வந்து நகையை மீட்டார். சங்கிலியைக் கவுண்டரிலேயே கழுத்தில் போட்டுக்கொண்டார். வளையல் ஏறவில்லை, பையில் போட்டுக்கொண்டார்.

இதில் என் பங்கும் உண்டு. மூடும் நாளுக்கு அட்டை எழுதிய நான், 'தேரன்று வங்கி உண்டு' என்று ஒரு நாள்கூட அட்டை எழுதியதில்லை. தோன்றவே இல்லை. மூடியிருந்தால்தானே அறிவிக்க வேண்டும், திறந்திருப்பதை யார் அறிவிப்பார்கள் என்ற நினைப்பு. ஊரே மூடிக்கிடக்கும் நாளில் திறந்திருப்பதுதான் செய்தி என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

கெடு விஷயத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். கெடு லீவு நாளில் விழுந்தால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. மேலே சொன்ன 25-ஆம் பிரிவோ நேர்மாறாகச் சொல்கிறது. புரோநோட்டு, மாற்றுச் சீட்டு இவற்றின் கெடு பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளில் பணம் கட்டவேண்டியதாகிவிடும். லீவு ஒரு நாளைக் கூட்டித் தரும் என்று நாம் நினைக்கிறோம், 1881-ஆம் வருடத்துச் சட்டம் ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்கிறது.

அடுத்தது ஈடு செய்யும் சனிக்கிழமை. இதில்தான் குழப்பம் இரட்டிப்பாகிறது. திருவிழா அன்று அலுவலகம் கிடையாது, வங்கி உண்டு. அதற்குப் பதிலாக வேலை நாளாகும் சனிக்கிழமை அநேகமாக இரண்டாவதோ நான்காவதோதான் இருக்கும். அன்று தாலுகா ஆபீஸ் உண்டு, வங்கி கிடையாது. மாநில அளவிலும் இதே கதைதான். 2024 தீபாவளிக்கு மறுநாள் நவம்பர் 1-ஐ அரசு விடுமுறையாக்கி, நவம்பர் 9 சனியை வேலை நாளாக்கியது. அது இரண்டாம் சனி. 2025 பொங்கலுக்கு ஜனவரி 17-ஐச் சேர்த்துவிட்டு ஜனவரி 25-ஐ வேலை நாளாக்கியது. அது நான்காம் சனி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு நாள் கூடக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் ஆபீசுக்கு வந்துவிட்டு, அப்படியே பக்கத்தில் வங்கி வேலையையும் முடித்துவிடலாம் என்று வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை கணக்கே பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலும் மூன்றும் ஐந்தும் உண்டு, இரண்டும் நான்கும் இல்லை என்று என் மனைவிக்கே நான் மாதம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் வங்கிக்காரரின் மனைவி.

ஏப்ரல் 1 இன்னொரு கூத்து. அன்று அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை இல்லை. பொது விடுமுறைப் பட்டியலில் அந்தத் தேதிக்கு எதிரே வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு என்று போட்டிருக்கும். உள்ளே லைட் எரியும், ஃபேன் ஓடும், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம், கதவு மட்டும் பாதி சாத்தியிருக்கும். மாத முதல் தேதி, பென்ஷன் எடுக்க வந்த பெரியவர்கள் கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள இருந்துக்கிட்டே இல்லைங்கானுவ பாரு" என்று திட்டிவிட்டுப் போவார்கள். எனக்கே கேட்கும். எழுந்து போய் விளக்கம் சொன்னால் அதற்கு வேறு திட்டு விழும்.

தேதி மாறுவதும் உண்டு. பிறையைப் பார்த்து முடிவாகும் பண்டிகைக்கு முந்தைய வருடமே தேதி குறித்தால் மாறத்தான் செய்யும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 2024-இல் மிலாடி நபி விடுமுறை செப்டம்பர் 16-இலிருந்து 17-க்குப் போனது. பிறை பார்க்கத் தேவையில்லாத விநாயகர் சதுர்த்தியும் 2023-இல் செப்டம்பர் 17-இலிருந்து 18-க்குப் போனது. மாறியதை டிவி சொல்லிவிடும். வீட்டுச் சுவரில் தொங்கும் சிவகாசி நாட்காட்டியோ பழைய தேதியைத்தான் சிவப்பில் காட்டிக்கொண்டிருக்கும். அரசின் அடுத்த வருடப் பட்டியல் பெரும்பாலும் நவம்பர் வாக்கில்தான் வருகிறது. காலண்டர் அச்சடிப்பு ஆடியிலேயே தொடங்கிவிடும். பட்டியலை இரண்டு மாதம் முன்னால் கொடுத்தால் அச்சுக்காரர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். இது உங்கள் கையில் இல்லை, கோட்டையில் இருக்கிறது, தெரியும். பேச வாய்ப்பு கிடைத்தால் சொல்லிவையுங்கள்.

இனி முன்னோடி வங்கி மேலாளர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை.

எல்லாம் போனில் வந்துவிட்டது, வங்கி மூடினால் என்ன என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்வார்கள். கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் வழிகளில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல் இயங்குகின்றன, உண்மை. போனில் பணம் அனுப்பத் தெரிந்தவருக்கு விடுமுறை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 2021 ஆகஸ்ட் 1-இலிருந்து நாச் என்கிற தானியங்கிப் பிடித்தமும் எல்லா நாளும் நடக்கிறது. வண்டிக்கடன் தவணை ஞாயிற்றுக்கிழமையும் கணக்கிலிருந்து போகும், பொங்கலன்றும் போகும். தவணைப் பணத்தை ரொக்கமாக வைத்திருக்கும் ஆட்டோக்காரர் என்ன செய்வார்? வங்கி மூடியிருக்கிறது, பணம் போடும் மெஷின் எங்கள் ஊர் மாதிரி இடங்களில் ஒன்றோ இரண்டோதான், அதிலும் ஒன்று எப்போதும் பழுது. கணக்கில் பணம் இல்லை என்று தவணை திரும்பும், அதற்கு அபராதம் வேறு. எடுக்கிற கைக்கு லீவு கிடையாது, வாங்கிக்கொள்ளும் கவுண்டருக்கு மட்டும் லீவு என்றால் அது கொஞ்சம் அநியாயம்தானே?

2026 பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 15 வியாழன் பொங்கல், வெள்ளி திருவள்ளுவர் நாள், சனி உழவர் திருநாள், அப்புறம் ஞாயிறு. சேர்ந்தாற்போல் நான்கு நாள். இப்படி வரும்போது தவணைத் தேதி எந்தெந்த நாளில் விழுகிறது, அதற்கு எந்தத் தேதிக்குள் பணம் போட்டுவைக்க வேண்டும் என்று ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவது உங்களுக்குப் பெரிய வேலையா? தனிநபர் கடன் வேண்டுமா என்று வாரம் மூன்று செய்தி அனுப்ப முடிகிறதே.

ஏடிஎம் பற்றி உங்களுக்கே தெரியும். மாதத்தில் மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாமல் கிடந்தால் ஒரு மெஷினுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதி வைத்தது. கடைவீதி ஏடிஎம் மாட்டுப்பொங்கல் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும், வருகிறவர்கள் 'பணம் இல்லை' என்ற திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தின மாலை நிரப்புவதோடு, நடுவில் ஒருமுறை நிரப்பவும் ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் நூறு ரூபாய்த் தாளும் போடுங்கள். பொங்கல் படி கொடுக்க ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு பெட்டிக்கடை பெட்டிக்கடையாகச் சில்லறை கேட்டு அலையும் தாத்தாக்களில் நானும் ஒருவன். (பத்து ரூபாய்ப் புதுக்கட்டுக்கு வேலையில் இருந்தபோது என்னிடம் எத்தனை சிபாரிசு வந்தது! இப்போது நான் சிபாரிசு தேடுகிறேன்.)

ஊழியர்களின் விடுமுறையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று சங்கத் தோழர்கள் என் மேல் வருத்தப்பட வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற கோரிக்கை நான் பணியில் இருந்தபோதே எழுந்தது, நானும் அதற்குக் கொடி பிடித்தவன். நாளை அது வந்து எல்லாச் சனியும் மூடினால்கூட ஒருவிதத்தில் நல்லது, எண்ணிப் பார்க்கும் வேலையாவது மிச்சம்.

ஆட்சியர்களே, மறுபடி உங்களிடம் வருகிறேன். சட்டத்தின் பெயரை எடுத்துவிடச் சொல்லவில்லை. கருவூலத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அது வேண்டும், கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும். முதல் பத்தியிலேயே வங்கி என்ற சொல் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். டிவிக்காரர்கள் முதல் பத்தியை மட்டும்தான் படிக்கிறார்கள், கீழே ஓடும் வரியில் '... மாவட்டத்துக்கு நாளை விடுமுறை' என்று நான்கே வார்த்தை போடுகிறார்கள். பேருந்து நிலையத்தில் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பியது அந்த நான்கு வார்த்தைதான். ஈடு செய்யும் சனிக்கிழமையை முடிவு செய்யும்போது முதல் அல்லது மூன்றாம் சனியாக இருக்க முடியுமா என்றும் ஒருமுறை பாருங்கள். அந்தச் சனிகளில் பள்ளிகள் ஏற்கெனவே வேலை நாளாக வைத்திருந்தால் வழியில்லை என்பது புரிகிறது. அப்படியானால் 'அன்று வங்கி இல்லை' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அலுவலக எழுத்தருக்கு வேலை வைக்க வேண்டாம் என்று வாசகத்தை நானே எழுதிவிட்டேன். பழைய பழக்கம். கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும்.

"________ திருவிழாவை முன்னிட்டு நம் மாவட்டத்தில் ________ கிழமை, ________ தேதி பள்ளிகள், கல்லூரிகள், அரசு அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை. அன்று வங்கிகள் வழக்கம்போல் திறந்திருக்கும். கடன் தவணை, நகைக்கடன் கெடு உள்ளவர்கள் அன்றே கட்டலாம். இந்த விடுமுறைக்கு ஈடாக ________ தேதி சனிக்கிழமை பள்ளிகளும் அலுவலகங்களும் இயங்கும். அந்தச் சனிக்கிழமை வங்கிகள் ________ (இயங்கும் / இயங்காது)."

இதே வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, எங்கள் ஊரில் நான் வேலை பார்த்த கிளையில் போன வாரம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதிருக்கும் மேனேஜர் வடநாட்டுப் பையன், தமிழ் இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார், அட்டையை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். தேருக்கு முந்தின நாள் ஷட்டரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் போய்ப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹெட் கேஷியர் ஒருவர்